வண்டல் சொல்லும் சாட்சி

(காஞ்சிபுரம் நெசவாளர்களிடையே நிகழ்த்திய விஞ்ஞானச் சொற்பொழிவு)

பகலெல்லாம் தறிக்குழியில் காலை வைத்து உழைத்துவிட்டு, இந்த மாலை நேரத்தில் விஞ்ஞானப் பேச்சுக் கேட்க வந்திருக்கிறீர்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சேறு. ஆற்றில் அடித்துவரும் சேறு, ஏரியின் அடியில் படியும் வண்டல். பட்டும் சரிகையும் நெய்கிற ஊரில் வந்து சேற்றைப் பற்றிப் பேசுவதா என்று யாரும் நினைக்க வேண்டாம். பேச்சு முடிவதற்குள், உங்கள் சரிகைக்கும் உங்கள் ஏரி வண்டலுக்கும் உள்ள உறவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு சேலையை உங்கள் கையில் கொடுத்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? விரித்துப் பார்க்கிறீர்கள். உடலையும் கரையையும் இணைத்த கோர்வையைத் தடவிப் பார்க்கிறீர்கள். பாவு எப்படி, ஊடை எப்படி, சாயம் எத்தனை முறை ஏறியிருக்கிறது என்று பார்க்கிறீர்கள். பிறகு, இது காஞ்சித் தறியில் இறங்கியது, இது வேறு ஊரில் மிஷின் தறியில் ஓடியது என்று சொல்லிவிடுகிறீர்கள். கடைக்காரர் ஒட்டிய சீட்டு என்ன சொன்னாலும் இழை பொய் சொல்லாது. சேற்றுக்கும் இப்படி இழைகள் உண்டு. அந்த இழைகளைப் படிக்கத் தெரிந்தவர்கள், எந்த மலை உடைந்து இந்தச் சேறு வந்தது, வழியில் அதற்கு என்ன நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த இழைகளின் பெயர் அபூர்வ மண் மூலகங்கள்.

பெயரில் அபூர்வம், மண்ணில் தாராளம்

லந்தனம், சீரியம், நியோடிமியம், சமாரியம், யூரோப்பியம், கடோலினியம் என்று தொடங்கி லுட்டீசியம் வரை 15 மூலகங்கள் ஒரே குடும்பமாக இருக்கின்றன. யிட்ரியமும் ஸ்காண்டியமும் பங்காளிகள் போல இவற்றோடு சேர்த்து எண்ணப்படுகின்றன. ஸ்வீடனில் இட்டர்பி என்ற சிற்றூரில் 1787-இல் கிடைத்த ஒரு கறுப்புக் கல்லிலிருந்து இவற்றின் கதை தொடங்கியது. அந்தக் கல்லை 1794-இல் ஆராய்ந்தவர் கடோலின் என்ற ரசாயன விஞ்ஞானி. அந்தச் சிற்றூரின் பெயரையே துண்டு துண்டாக எடுத்து யிட்ரியம், டெர்பியம், எர்பியம், யிட்டர்பியம் என்று நான்கு மூலகங்களுக்குச் சூட்டிவிட்டார்கள்.

அபூர்வம் என்று பெயர் வைத்தார்களே, உண்மையில் இவை அபூர்வமா? உங்கள் சரிகையை வைத்தே கணக்குப் பார்ப்போம். சரிகையில் பட்டு இழையோடு தங்கம், வெள்ளி, செம்பு மூன்றும் இருக்கின்றன. பூமியின் மேலோட்டுப் பாறையில் சராசரியாக ஒரு டன் எடுத்தால் அதில் செம்பு ஏறத்தாழ 28 கிராம் இருக்கும். சீரியமோ 63 கிராம்! செம்பைவிட இரு மடங்குக்கும் மேல். அபூர்வ மண் குடும்பத்தில் மிகக் குறைவானவற்றுள் ஒன்று தூலியம். அதுகூட ஒரு டன்னுக்கு 0.3 கிராம் இருக்கிறது. வெள்ளி 0.05 கிராம்தான். தங்கமோ ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. ஆக, உங்கள் விரல்களில் தினமும் ஓடுகிற வெள்ளியையும் தங்கத்தையும்விட இந்த “அபூர்வ” மூலகங்கள் எங்கும் தாராளமாகப் பரவிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் திரண்டு கிடைப்பதுதான் அரிது. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது அதைவிடக் கடினம்.

ஏன் பிரிப்பது கடினம்? இந்தப் பதினைந்தும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. ஒவ்வொரு அணுவும் மூன்று எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுத்துப் பிற பொருள்களோடு சேர்கிறது. லந்தனத்திலிருந்து லுட்டீசியம் வரை போகப் போக அணுவின் பருமன் மட்டும் படிப்படியாகச் சுருங்குகிறது. பிரிக்க நினைப்பவனுக்கு இது பெரும் தொல்லை. பாறையைப் படிக்க நினைப்பவனுக்கோ இதுவே பெரும் உதவி. எல்லாரும் கைகோத்து ஒன்றாகவே நடக்கிறார்கள். பாறை உடைந்து மணலாகி, மணல் சேறாகி, சேறு நூறு காதம் போனாலும் அவர்களுடைய விகிதம் அவ்வளவாகக் கலைவதில்லை. தண்ணீரில் இவை கரைவது மிகமிகக் குறைவு. பெரும்பகுதி சேற்றுத் துகள்களோடுதான் பயணம் செய்கிறது. ஆகையால் ஏரியில் படிந்த வண்டல், தான் பிறந்த பாறையின் ஜாதகத்தைத் தன்னிடமே வைத்திருக்கிறது.

இரண்டு கலகக்காரர்கள்

பதினைந்தில் இரண்டு பேர் மட்டும் சமயத்தில் வரிசையை விட்டு விலகுவார்கள். விஞ்ஞானிகளுக்கு மிகவும் பிடித்தவர்கள் இவர்கள்தான்.

ஒன்று யூரோப்பியம். பூமிக்கடியில், பிராணவாயு குறைந்த சூட்டில், இது மூன்று எலெக்ட்ரான்களுக்குப் பதில் இரண்டைத்தான் விட்டுக்கொடுக்கும். அப்போது இதன் சுபாவம் கால்சியத்தைப் போல, ஸ்ட்ரான்சியத்தைப் போல மாறிவிடும். கால்சியம் இருக்கிற பெல்ஸ்பார் என்ற வெண்ணிறக் கனிமத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கருங்கல்லில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் மின்னுகிறதே, அந்தக் கனிமங்கள் பெல்ஸ்பார் இனத்தைச் சேர்ந்தவை. ஒரு பாறையில் யூரோப்பியம் வரிசைக்குக் குறைந்திருந்தால், அந்தப் பாறைக் குழம்பிலிருந்து பெல்ஸ்பார் முன்பே பிரிந்து போயிருக்கிறது என்று பொருள்.

மற்றொன்று சீரியம். இது காற்றுப்பட்ட நீரில் நான்கு எலெக்ட்ரான்களை இழந்து, கரையாத பொருளாகி, இரும்பு, மாங்கனீசுப் படலங்களோடு ஒட்டிப் படிந்துவிடும். ஏரி அடியில் பிராணவாயு இல்லாமல் போனால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பிக் கரையும். ஆகவே சீரியத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு, ஒரு காலத்தில் அந்த நீரில் காற்று இருந்ததா, அழுகல் இருந்ததா என்று ஊகிக்கலாம்.

இவற்றை அளப்பதற்கு ஒரு முழக்கோல் வேண்டுமல்லவா? இயற்கையில் இரட்டைப்படை எண்ணுள்ள மூலகம் தன் அண்டையிலுள்ள ஒற்றைப்படை மூலகத்தைவிட மிகுதியாக இருக்கும். அப்படியே கோடு போட்டால் ரம்பப் பல் போல ஏறி இறங்கும். அதனால், வானிலிருந்து விழுந்த ஒரு வகை விண்கல்லில் உள்ள அளவாலோ, உலகின் களிமண் பாறைகளின் சராசரி அளவாலோ ஒவ்வொன்றையும் வகுத்துக்கொள்கிறார்கள். உடனே ரம்பப் பல் மறைந்து, பாவு இழை போல ஒரு சீரான கோடு கிடைக்கிறது. அந்தக் கோட்டில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று பார்ப்பதே இந்த விஞ்ஞானத்தின் முதல் பாடம்.

பனி அரைத்த மாவு

இப்போது நாம் காஞ்சியை விட்டுச் சற்றுத் தூரம் போக வேண்டும். சேற்றின் ஜாதகம் மிகச் சுத்தமாக எழுதப்பட்டிருப்பது பனியாறுகளின் சேற்றில்தான்.

நமது நாட்டு வெயிலிலும் மழையிலும் கல்லுக்கு என்ன நேருகிறது என்று உங்களுக்குத் தெரியும். கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளில் கருங்கல் நிற்கிறது, மணற்கல் சிற்பங்கள் மூக்கும் முகமும் தேய்ந்து உதிர்ந்திருக்கின்றன. கருங்கல்லும் சாகாவரம் பெற்றதல்ல. வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் முதலில் சாவது பெல்ஸ்பார்தான். அது அரித்துக் களிமண்ணாகிறது, கால்சியமும் சோடியமும் கரைந்து ஓடிவிடுகின்றன. கூடவே யூரோப்பியமும் ஓரளவு இடம் பெயர்கிறது. வெயில் நாட்டுச் சேற்றில் பிறந்த பாறையின் கையெழுத்தும் இருக்கும், அதன் மேல் மழையின் கிறுக்கலும் இருக்கும்.

பனியாறு அப்படியல்ல. அது அடியில் சிக்கிய கல்லைக் கல்லோடு வைத்து ஆட்டுக்கல் போல அரைக்கிறது. குளிரில் ரசாயன மாற்றம் மிக மெதுவாக நடக்கிறது. பாறை மாவாகிறதே தவிர, அதன் கூட்டு மாறுவதில்லை. அந்த மாவு கலந்து ஓடுவதால்தான் பனியாற்று நீர் பால் போல வெளுத்திருக்கிறது. அது ஏரியில் சேர்ந்ததும் கோடையில் பருத்த துகள் வெளிர் நிறமாகவும், குளிர்காலத்தில் மெல்லிய துகள் கறுத்தும், ஆண்டுக்கு ஒரு ஜோடி வரியாகப் படிகிறது. கணக்கப்பிள்ளை எழுதிய பேரேடு போல ஆண்டுகளை எண்ணிவிடலாம்.

பனி அரைத்த மாவின் அருமையை உணர்ந்தவர் விக்டர் கோல்ட்ஷ்மிட் என்ற விஞ்ஞானி. பூமியின் மேலோடு சராசரியாக எதனால் ஆனது என்று அறிய உலகமெல்லாம் கல் பொறுக்க வேண்டுமே என்று மற்றவர்கள் மலைத்தார்கள். நார்வே நாட்டில் பழைய பனிப்பாறைகள் எத்தனையோ மலைகளை அரைத்துக் கலந்து களிமண்ணாகப் படியவைத்திருக்கின்றனவே, இயற்கையே கலந்து கொடுத்த மாதிரியை எடுத்துக்கொள்வோம் என்றார் இவர். சீரியத்திலிருந்து லுட்டீசியம் வரை அணுக்கள் படிப்படியாகச் சுருங்குவதற்கு 1925-இல் பெயர் வைத்தவரும் இவரே. 1935-இல் இவருடைய ஆய்வுக்கூடத்தில் மினாமி என்ற ஜப்பானிய விஞ்ஞானி களிமண் பாறைகளில் அபூர்வ மண் மூலகங்களை அளந்தார். ஐரோப்பியப் பாறையும் ஜப்பானியப் பாறையும் ஏறத்தாழ ஒரே கோட்டைக் காட்டின.

அதே 1935-இல்தான் கோல்ட்ஷ்மிட் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் யூதர். ஹிட்லர் ஆட்சி அவரை வாழவிடவில்லை. நார்வேயை நாஜிகள் பிடித்த பிறகு 1942-இல் அங்கும் கைது செய்யப்பட்டார். யூதர்களை ஏற்றிய கப்பலுக்குக் கொண்டுபோகிற தருவாயில் விடுவிக்கப்பட்டு, ஸ்வீடனுக்குத் தப்பி, பிறகு இங்கிலாந்து சேர்ந்தார். உடல் நலிந்து 1947-இல் காலமானார். எந்தத் தேசத்துச் சேறும் அடிப்படையில் ஒன்றே என்று காட்டிய மனிதரை, இரத்தத்தில் பேதம் பார்த்தவர்கள் வேட்டையாடினார்கள். இதைச் சொல்லாமல் அந்த விஞ்ஞானத்தை மட்டும் சொல்லிப் போக நமக்கு மனம் வரவில்லை.

காஞ்சிக்கு அடியில் பனி

பனியாறு எங்கோ நார்வேயில், இமயத்தில் இருக்கிறது, நமக்கென்ன என்று கேட்கலாம். இங்கேதான் ஆச்சரியம் இருக்கிறது.

1856-இல் பிளான்போர்டு சகோதரர்களும் தியோபால்டும் ஒடிசாவில் தால்ச்சேர் என்ற இடத்தில் விசித்திரமான படிவுகளைக் கண்டார்கள். மெல்லிய பசுஞ்சேற்றுக்குள் பெரும் பெரும் உருண்டைக் கற்கள் கிடந்தன. ஆற்று வெள்ளத்துக்குப் பாறாங்கல்லை உருட்டும் வேகம் இருந்தால் மென்சேறு படியாது. சேறு படியும் அமைதி இருந்தால் பாறாங்கல் வராது. இரண்டையும் ஒருங்கே கொண்டுவரக்கூடியது பனி ஒன்றே என்றார்கள். வெயில் கொளுத்தும் இந்தியாவிலா பனி என்று உலகம் நம்பத் தயங்கியது. 1870-களில் மகாராஷ்டிரத்துச் சந்திரபூர்ப் பக்கம் இரை என்ற கிராமத்தருகே, பனி இழுத்த கல் கீறிய கோடுகளுடன் பாறைத் தளமே கிடைத்தது. அந்தப் பழைய மணற்கற்களில் பெல்ஸ்பார் அழுகாமல் பச்சையாகவே இருந்ததும் குளிருக்குச் சாட்சியாயிற்று. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்தபோது, தென் துருவத்துப் பனி நம் நிலத்தின் மேல் கிடந்தது.

அந்தத் தால்ச்சேர் படிவுகளை, நிலவியலாளர்கள் நமது பாலாற்றுப் படுகையிலும் இனங்கண்டிருக்கிறார்கள். அவற்றுக்கு மேலே ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள் இருக்கின்றன. பழங்காலச் செடிகளின் இலைத்தடங்கள் பதிந்த அந்தக் களிப்பாறைகளை ராபர்ட் புரூஸ் பூட் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் ஆராய்ந்து எழுதினார். அதற்கும் மேலேதான் பாலாறு கொண்டுவந்த மணலும் வண்டலும். இந்த மேல் தோலின் மேல்தான் நம் கோயில்களும், தறிகளும், ஏரிகளும் இருக்கின்றன. ஆகக் காஞ்சி மண்ணில் இரண்டு பேரேடுகள் உள்ளன. அடிப் பேரேடு பனி எழுதியது. மேல் பேரேடு பருவமழை எழுதியது. கீழே உள்ளதையும் மேலே உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், குளிர் எதை விட்டுவைத்தது, வெயிலும் மழையும் எதை அழித்தன என்று அளந்துவிடலாம். இதைவிட நல்ல பாடசாலை வேறு எங்கே கிடைக்கும்?

இமயத்தில் இதே முறை இன்று நடக்கிறது. சமாரியத்தின் ஒரு வகை அணு 10,600 கோடி ஆண்டுக்கு ஒரு பாதி என்ற நிதானத்தில் சிதைந்து நியோடிமியமாகிறது. அதனால் பழைய பாறைக்கும் புதிய பாறைக்கும் நியோடிமியத்தின் சேர்மானம் வேறுபடுகிறது. கங்கைச் சேற்றில் இதை அளந்து, அதில் பெரும்பகுதி உயர் இமயத்திலிருந்து வருகிறது என்று இந்திய விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள். கங்கையின் சேற்றைக் கேட்டால் மலையின் பெயரைச் சொல்கிறது.

பாலாற்றின் வழக்கு

இனி நமது பாலாற்றுக்கு வருவோம். கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, மொத்தம் 348 கிலோமீட்டர் வந்து கடலில் சேருகிறது. திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் இதனோடு கூடுகின்றன. இந்த ஆற்றையும் மழையையும் நம்பி நம் முன்னோர் ஏரிகளை வெட்டினார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில், பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்திலேயே, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே தனியாக ஒரு குழு தேர்ந்தெடுத்தார்கள் என்று இருக்கிறது. வாரியத்தின் வேலைகளில் முக்கியமானது ஏரியின் ஆழம் குறையாமல் காப்பது. வண்டல் என்பது நமக்குப் புதிய விஷயமல்ல.

இதே ஆற்றின் மேல்பகுதியில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ பகுதியாகவோ பாழானது என்ற விவரம் சுப்ரீம் கோர்ட்டின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற நியாயத்தை அந்தத் தீர்ப்பு இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. 2025 ஜனவரி 30-இல் அதே கோர்ட் பாலாற்றைப் பற்றி மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு நெருங்கியும் பிரச்னை முடியவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இப்படிப்பட்ட வழக்குகளில் எப்போதும் எழக்கூடிய ஒரு வாதத்தைக் கவனியுங்கள். சேற்றில் குரோமியம் இருக்கிறது என்று விவசாயி காட்டுகிறார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “குரோமியம் எந்தப் பாறையிலும் கொஞ்சம் உண்டு, இது உங்கள் மலையிலிருந்து வந்தது, எங்கள் தொட்டியிலிருந்து அல்ல” என்று சொல்லலாம். விஷயம் தெரியாதவர்களுக்கு இது நியாயமாகவே படும். கருநிறப் பாறைகளில் குரோமியம் மிகுதி என்பதும் உண்மைதான்.

இங்கேதான் நமது இழைகளும் பங்காளி ஸ்காண்டியமும் சாட்சிக் கூண்டில் ஏறுகின்றன. இந்த வண்டல் எந்தெந்தப் பாறையிலிருந்து எவ்வளவு வந்தது என்று அவை சொல்லிவிடும். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள கருநிற சார்னோக்கைட் பாறையின் கோடு ஒரு மாதிரி, வெளிர் கருங்கல்லின் கோடு வேறு மாதிரி. பாறை இன்னதென்று தெரிந்துவிட்டால், அந்தப் பாறை இயற்கையாகக் கொடுக்கக்கூடிய குரோமியம் இவ்வளவுதான் என்று கணக்கிட்டுவிடலாம். அதற்கு மேல் இருப்பது மனிதன் போட்டது. வெள்ளி போன்ற சரிகை என்று விற்றாலும் சோதனையில் வைத்ததும் செம்பு எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறதே, அது போலத்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மோனசைட், சிர்கான், கார்னெட் போன்ற கனமான மணல்களில் அபூர்வ மண் மூலகங்கள் குவிந்திருக்கும். ஆற்றின் ஒரு திருப்பத்தில் அவை ஒதுங்கிக் கிடந்தால், ஒரு பிடி மணல் முழு ஆற்றைப் பற்றியும் பொய்க் கணக்குக் காட்டிவிடும். ஆகவே மணலையும் மென்சேற்றையும் தனித்தனியே சலித்து, பல இடங்களில் எடுத்து அளக்க வேண்டும். ஒரு மாதிரியைக் காட்டித் தீர்ப்புக் கேட்பவன் எந்தப் பக்கத்தவனாக இருந்தாலும் நாம் நம்பக்கூடாது.

ரைன் நதி சொன்ன செய்தி

அபூர்வ மண் மூலகங்களே அசுத்தமாக வருவதும் உண்டு. ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும்போது சிலருக்குக் கடோலினியம் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். அது சிறுநீரில் வெளியேறுகிறது. சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் அது நிற்பதில்லை. பெர்லின் நகரத்து ஆறுகளில் கடோலினியம் மட்டும் வரிசையை விட்டு எகிறி நிற்பதை 1996-இல் பாவ், டுல்ஸ்கி என்ற இருவர் வெளியிட்டார்கள். அதே நாட்டில் ரைன் கரையில் வோர்ம்ஸ் நகரருகே, பெட்ரோல் சுத்திகரிப்புக்கான வினையூக்கி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலைக் கழிவால் ஆற்று நீரில் லந்தனம் ஏறியிருப்பதை 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மற்றவர்கள் வரிசையில் நிற்க, ஒருவன் மட்டும் எட்டி நின்றால் ஆளை அடையாளம் காண்பது கடினமா? ஆற்றில் இயற்கை எழுதிய கோடு இன்னது என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் இந்தக் களவு பிடிபட்டது. நமது வேகவதியிலும் ஆஸ்பத்திரி நீரும் சாயப்பட்டறை நீரும் கலக்கிறதா என்று அறிய வேண்டுமானால், நமக்கும் அந்த முதல் கோடு வேண்டும்.

மண் யாருடையது?

உலகில் இன்று அபூர்வ மண்ணுக்குப் பெரும் போட்டி நடக்கிறது. மின்சார மோட்டார், காற்றாலை, ஏவுகணை பலவற்றில் நியோடிமியக் காந்தம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு மூலகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் பல நாட்டு மோட்டார்த் தொழிற்சாலைகள் தவித்தன. அதே ஆண்டு அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை வெளியிட்ட பட்டியலில் இந்தியாவின் இருப்பு 69 லட்சம் டன் என்று இருக்கிறது.

நமக்கு இந்தக் கதையில் பழைய அனுபவம் உண்டு. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மணவாளக்குறிச்சியில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். காஸ் விளக்கு வலைக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. பல பத்தாண்டுகள் நம் கடற்கரை மணல் கப்பலேறிப் போயிற்று. மணலை அள்ளியவன் கூலியைப் பெற்றான், பிரித்து விற்றவன் செல்வத்தைப் பெற்றான். சுதந்திரத்துக்குப் பின் 1950-இல் பொதுத்துறையில் இந்தியன் ரேர் எர்த்ஸ் அமைந்து, 1952-இல் ஆலுவாயில் ஆலை திறந்த பிறகே நம் நாட்டில் பிரிக்கும் வேலை தொடங்கியது. பிறகும் தென் கோடிக் கடற்கரையில் மணல் கொள்ளை நடந்ததும், 2013-இல் தமிழக சர்க்கார் தாது மணல் எடுப்பதை நிறுத்தியதும், 2025 பிப்ரவரியில் ஹைகோர்ட் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டதும் நீங்கள் பத்திரிகையில் படித்தவை.

இதைக் கேட்டதும், “உங்கள் ஏரியில் பொன்னைவிட மேலான மண் இருக்கிறது” என்று யாராவது வந்து நிலத்தை எழுதி வாங்கப் பார்க்கலாம். நம்பிவிடாதீர்கள்! ஒரு டன்னில் சில பத்துக் கிராம் பரவிக் கிடப்பது சுரங்கமாகாது. காஞ்சி ஏரி வண்டலின் விலை அதிலுள்ள மூலகத்தில் இல்லை, அதில் எழுதியிருக்கிற கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்குப் புத்தகத்தைத்தான் இன்று லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பாலாற்றில் மணல் போன இடத்தில் கிணறு வற்றியது உங்களுக்குத் தெரியும். ஆற்றின் சாட்சியமும் கூடவே போயிற்று என்பதைத்தான் நாம் இன்று சேர்த்துச் சொல்கிறோம்.

ஏரியைத் தூர் வாரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. தூர் வாரத்தான் வேண்டும். அந்த வண்டல் வயலுக்குப் போகத்தான் வேண்டும். நாம் கேட்பது எளிய காரியம். தூர் வாருவதற்கு முன் ஒவ்வொரு பெரிய ஏரியின் ஆழமான இடத்தில் ஒரு நீண்ட குழாயை இறக்கி, அடிவரை கலையாமல் ஒரு தூண் வண்டலை எடுத்து, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஆற்றின் மேல்பகுதி, நடுப்பகுதி, முகத்துவாரம் மூன்றிலும் சேறு எடுத்து அளந்து, பாலாற்றின் முதல் கோட்டை வரையுங்கள். அளந்த கணக்கைத் தமிழில் அச்சிட்டு, ஏரிப் பாசன விவசாயிகளின் கையிலும் நெசவாளர் சங்கங்களின் கையிலும் கொடுங்கள். சர்க்காரிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. தண்ணீர் குடிப்பது நாம், சாயம் நனைப்பது நாம், நோய் வந்தால் படுப்பதும் நாம்தான்.

தோழர்களே, கோர்வை தெரிந்தவனிடம் போலிச் சேலையை விற்க முடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்த வட்டாரத்தில் ஏரிக்கு ஒரு வாரியம் இருந்தது. அதன் கண்களுக்குத் தெரிந்தது நீர்மட்டமும் வண்டலின் கனமும் மட்டுமே. இன்றைய விஞ்ஞானம் வண்டலின் ஒவ்வொரு இழையையும் எண்ணித் தருகிறது. அதைப் படிக்க நம் பிள்ளைகளை அனுப்புவோம். சேறு முப்பது கோடி ஆண்டாகச் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் நாம்.